அடாஸ் எச்சரிக்கை எரிகிறதா? அறிகுறியிலிருந்து கோளாறுக்குப் போகும் வழி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு மூன்று வண்டிகளாவது ஒரே புகாரோடு வந்து நிற்கும். "க்ரூஸ் வேலை செய்யலீங்க, ரேடார் அடைச்சிருக்குன்னு காட்டுதுங்க." இறங்கிப் பார்த்தால் கிரில் நடுவில் இருக்கும் லோகோ மேல் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், குறுக்கே செவ்வந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. அந்த லோகோவுக்குப் பின்னால்தான் பல வண்டிகளில் ரேடார் இருக்கிறது. மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டி வந்தால் எச்சரிக்கை தானாக அணைந்துவிடும். வண்டியின் கணினிகளைப் படிக்கும் ஸ்கேனர்கூட மாட்ட வேண்டியதில்லை. இதே புகாருக்கு "கேலிப்ரேஷன் போயிருச்சு" என்று சொல்லிப் பில் போட்டு அனுப்பிய இடத்திலிருந்தும் எனக்கு வண்டி வந்திருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அடாஸ் என்பது கேமராவையும் ரேடாரையும் வைத்து ஓட்டுநருக்குத் துணை செய்யும் அமைப்பு: லேனுக்குள் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்ட், முன்வண்டியோடு இடைவெளி காத்து ஓடும் க்ரூஸ், தானாகப் பிடிக்கும் பிரேக் எல்லாம் அதில் அடக்கம். கேலிப்ரேஷன் என்பது கேமராவுக்கும் ரேடாருக்கும் "இதுதான் உனக்கு நேர்" என்று காட்டிக்கொடுக்கிற வேலை. முன்கண்ணாடியோ, பின் ஆக்சிலோ, பம்பரோ கோணலாக இருக்கும்போது அதைச் செய்தால், கோணலையே நேர் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். ஸ்கேனர் "வெற்றி" என்று காட்டும். வண்டி சாலையில் தப்பாகப் போகும். 1 டிகிரி பிசகு 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் ஆகிறது. நம் நெடுஞ்சாலை லேன் 3.5 மீட்டர் அகலம்; அதில் சரிபாதி. பக்கத்து லேனில் போகும் லாரியைத் தன் லேனில் போவதாக வண்டி நினைக்க இது போதும்.

2021-இலிருந்து நடுத்தர விலை வண்டிகளிலும் அடாஸ் வந்துவிட்டது. எக்ஸ்யூவி 700 மாதிரி கேமராவும் ரேடாரும் சேர்ந்து வேலை செய்யும் வண்டிகள் உண்டு. 2022-இல் வந்த சிட்டி ஹைப்ரிட் மாதிரி முன் கேமரா ஒன்றையே நம்பி ஓடுபவையும் உண்டு. கையில் இருப்பது எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத ரேடாரைத் தேடி பம்பரைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எதையும் கழற்றும் முன்

பேட்டரியில் மீட்டரை வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் ரொம்பவும் இறங்கினால் கேமரா, ரேடார், ஸ்டியரிங், ஏபிஎஸ் எல்லாம் ஒன்றையொன்று காணோம் என்று பிழைக் குறியீடு பதிந்துவைக்கும். டாஷ்போர்டு தீபாவளி மாதிரி இருக்கும், பேட்டரி மாற்றினால் எல்லாம் அணைந்துவிடும். கோளாறு ஒன்று என்றால் எச்சரிக்கையும் ஒன்றிரண்டுதான் வரும். ஏழெட்டு சேர்ந்து எரிந்தால் கரன்ட், எர்த், நெட்வொர்க் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஸ்கேனர். கேமரா மாட்யூலை, அதாவது கேமராவின் கட்டுப்பாட்டுக் கணினியை, மட்டும் திறந்து பார்க்காமல் வண்டியில் உள்ள அத்தனை மாட்யூலையும் ஸ்கேன் செய்து, அழிக்காமல், அப்படியே சேமித்து வையுங்கள். கேமரா வேலை செய்யாததற்குக் காரணம் கேமராவில் இல்லாமலும் போகலாம். யூ0126 என்று பிழைக் குறியீடு வந்தால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரோடு பேச்சு அறுந்திருக்கிறது. யூ0235 என்றால் முன்னால் இருக்கும் க்ரூஸ் தூர சென்சாரோடு, அதாவது ரேடாரோடு, தொடர்பு இல்லை. இரண்டுமே ஒயரும் கனெக்டரும் சம்பந்தப்பட்ட சங்கதி. இங்கே கேலிப்ரேஷனுக்காக வண்டி முன் வைக்கும் டார்கெட் போர்டைத் தூக்கி நிறுத்திப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது, வண்டிக்காரரிடம் கேளுங்கள். கண்ணாடி மாற்றினீர்களா, அலைன்மென்ட் செய்தீர்களா, டயர் சைஸ் மாற்றினீர்களா, பம்பரில் டிங்கரிங், பெயிண்ட் ஏதும் நடந்ததா, ஸ்பிரிங் ஏற்றினீர்களா, எங்காவது பள்ளத்தில் விட்டு அடித்ததா. கடைசிக் கேள்விக்கு முதலில் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். ரிம்மில் உள்ள காயத்தைக் காட்டிக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

அறிகுறி: "கேமரா தற்காலிகமாக இயங்காது" என்று வந்து வந்து போகிறது

எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் இங்கே துப்பு. மத்தியானம் வெயிலில் நிறுத்தி எடுத்த பிறகு வந்து, ஏசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் அது சூடு. கேமரா முன்கண்ணாடியின் உச்சியில், கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்பாகிவிடும். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிடுவது கோளாறு இல்லை. நிழலில் நிறுத்துங்கள், ஏசியைக் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

காலையிலோ மாலையிலோ சூரியன் நேர் எதிரே இருக்கும்போது மட்டும் வந்தால், கண்ணாடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் பகுதியில் பிளாஸ்டிக் சூட்டில் ஆவி விட்டு மெல்லிய பால்போன்ற படலம் படிந்திருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் போகாது. மூடியை கவனமாகக் கழற்றி, பஞ்சு விடாத துணியால் கண்ணாடியை மட்டும் துடைக்க வேண்டும். லென்ஸில் விரல் படக்கூடாது. கேமராவை அதன் தாங்கியிலிருந்து கழற்றிவிட்டால் மறுபடி கேலிப்ரேஷன் கேட்கும் வண்டிகள் உண்டு என்பதால் அதை அசைக்காமலே துடைக்கப் பாருங்கள்.

மழையில் மட்டும் வந்தால் வைப்பர் பிளேடைப் பாருங்கள். கேமராவுக்கு முன்னால் உள்ள பட்டையை வைப்பர் சரியாகத் துடைக்காமல் விட்டால் கேமராவுக்கு எல்லாமே கலங்கல்தான்.

எந்த நேரம் என்றில்லாமல் வந்தால் ஒட்டியிருப்பதைத் தேடுங்கள். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். கண்ணாடியின் உட்பக்கம், நடு மேல் பகுதியில் ஒட்டுவது வழக்கம். கேமராவும் அங்கேதான். கேமரா பார்க்கும் ஜன்னல் மேலே மறைவாக இருப்பதால், ஒட்டுகிற பையனுக்குத் தெரியாமல் பாதி மறைத்து ஒட்டிவிடுகிறான். வண்டி மேனுவலில் டேக் ஒட்ட வேண்டிய இடம் போட்டிருக்கும். முன்கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் விஷயத்தில் கறாராகத் தீர்ப்புச் சொன்னது எல்லோருக்கும் தெரியும்; சட்டத்தை விடுங்கள், கேமராவுக்கு முன்னால் ஃபிலிமின் ஒரு சின்னக் குமிழி இருந்தாலே லேன் கோடு நெளிந்து தெரியும்.

டாஷ்போர்டையும் பார்க்க வேண்டும். வெள்ளைத் துண்டு, பளபளக்கும் பித்தளைப் பிள்ளையார், கோவில் பிரசாதப் பொட்டலம் எல்லாம் கண்ணாடியில் பிரதிபலித்து கேமராவின் படத்துக்குள் விழுகின்றன. பிள்ளையாரைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அறிகுறி: முன்கண்ணாடி மாற்றியதிலிருந்து லேனைக் காட்டவே இல்லை, அல்லது கேலிப்ரேஷன் ஏற மறுக்கிறது

கண்ணாடி மாற்றினால் கேமராவுக்குக் கேலிப்ரேஷன் அநேகமாக எல்லா வண்டிக்கும் தேவை. அதைச் செய்யாமல் அனுப்பியிருந்தால் செய்துவிட்டால் முடிந்தது. செய்தும் ஏறவில்லை என்றால் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். கேமராவை மாற்றலாம் என்ற யோசனையைத் தள்ளிவையுங்கள். விலையுயர்ந்த யோசனை அது, பெரும்பாலும் தப்பான யோசனை.

முதலில் பிராக்கெட். கேமராவைத் தாங்கும் தாங்கி கண்ணாடியோடு ஒட்டப்பட்டு வருகிறது. விலை குறைந்த கண்ணாடியில் அது இல்லாமல் வரும். பழைய கண்ணாடியிலிருந்து பெயர்த்து எடுத்துப் புதிதில் ஒட்டுவார்கள். பிராக்கெட்டின் இரண்டு முனைக்கும் நடுவே 6 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். ஒரு முனை 1 மி.மீ. பிசகி ஒட்டியிருந்தாலே ஏறத்தாழ 1 டிகிரி திரும்பிவிடும். மேலே சொன்ன 1.75 மீட்டர் கணக்கு அதுதான். கையால் ஒட்டிய பிராக்கெட்டை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கேலிப்ரேஷனில் சிறிய பிசகுகளைக் கேமரா தானே சரிக்கட்டிக்கொள்ளும். அந்த வரம்பு சின்னது, அது அடுத்த பள்ளத்துக்கும் அடுத்த டயர் தேய்மானத்துக்கும் மிச்சம் இருக்க வேண்டியது. கண்ணாடிக்காரரின் பிசகுக்கே அதைச் செலவழித்துவிடக்கூடாது.

இரண்டாவது, கண்ணாடியின் தரம். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். கேமரா மூடியைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் உட்காருங்கள். எதிரே ஒரு கம்பி கேட்டோ, டைல்ஸ் ஒட்டிய சுவரோ இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். கேமரா பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். நல்ல கண்ணாடியில் கம்பி கம்பியாகவே இருக்கும். மட்டமான கண்ணாடியில் கம்பி தண்ணீருக்குள் இருப்பதுபோல வளைந்து நெளியும். நம் கண்ணுக்கு நெளிவது கேமராவுக்கு இன்னும் மோசமாக நெளியும். அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு எத்தனை முறை டார்கெட் நிறுத்தினாலும் வீண்.

மூன்றாவது, கண்ணாடி உட்கார்ந்த விதம். அடியில் வைக்கும் ஸ்பேசர் ரப்பரை விட்டுவிட்டால் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கிவிடும். இரு பக்கத் தூணுக்கும் கண்ணாடி விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒட்டும் பசை இறுகக் குழாயில் போட்டிருக்கும் நேரத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். பசை இறுகும் முன்பு நான்கு கண்ணாடியையும் மூடிவிட்டுக் கதவைப் படார் என்று சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று முன்கண்ணாடியை வெளியே தள்ளும். அன்றைக்கு ஒரு பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருக்கச் சொல்லுங்கள். காலையில் ஒட்டி, பசை காயும் முன்பே கேலிப்ரேஷன் செய்து, மாலையில் கண்ணாடி தன் இடத்துக்கு உட்கார்ந்தால், செய்த வேலையெல்லாம் போச்சு.

அறிகுறி: கேலிப்ரேஷன் சரியாக ஏறியிருக்கிறது, ஆனாலும் லேனில் ஒரு பக்கமே ஒட்டிப் போகிறது

நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த அறிகுறியிடம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் வண்டி கொண்டுவந்தார். "தம்பி, லேன் அசிஸ்ட் போட்டா இடது கோட்டையே ஒண்டிட்டு போகுதுங்க. ரெண்டு எடத்துல கேமரா செட்டிங் பண்ணியாச்சு. ரெண்டு எடத்துலயும் ஓகேன்னுதான் பேப்பர் குடுத்தாங்க." பேப்பரைப் பார்த்தேன். உண்மையிலேயே ஓகேதான். ஒரு பிழைக் குறியீடும் இல்லை.

"எங்காச்சும் இடிச்சுதுங்களா ஐயா?"

"மழையில மீடியன்ல பின்சக்கரம் லேசா ஏறி எறங்குச்சு. அது ஆச்சு நாலு மாசம். அலைன்மென்ட் பாத்தாச்சுங்க."

அலைன்மென்ட் பார்த்தது முன்சக்கரம் இரண்டுக்கும் மட்டும். ஒர்க்ஷாப் பையனைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஓட்டிப் பார்த்தேன். நேரான சாலையில் ஸ்டியரிங்கின் நடு லோகோ ஒரு விரல்கடை சாய்ந்து நின்றது. திரும்பி வந்ததும் பையன் நான் சொல்லாமலே நூலை எடுத்தான். வண்டியின் ஒரு பக்கத்தில், சக்கர நடுவின் உயரத்துக்கு, முன்னிருந்து பின்னாக நூலை இழுத்துப் பிடித்து ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் அளந்தான். இடது பின்சக்கரம் இரண்டு அளவும் கிட்டத்தட்டச் சமம். வலது பின்சக்கரத்தில் கண்ணுக்கே தெரிந்தது. "அண்ணே, இது வெளிய பாக்குது." நான்கு சக்கர அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினோம். வலது பின் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், 0.6 டிகிரி தப்பு.

ஒரு பின்சக்கரம் 0.6 டிகிரி திரும்பியிருந்தால் வண்டி உந்தப்படும் திசை அதில் பாதி, 0.3 டிகிரி சாய்கிறது. த்ரஸ்ட் லைன் என்று சொல்வது இதைத்தான். வண்டியின் உடம்பு ஒரு பக்கம் பார்க்கும், வண்டி போவது இன்னொரு பக்கம், நண்டு நடப்பதுபோல. ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இதைத் தெரியாமலே சரிசெய்துகொள்கிறார். கேமராவுக்கு அது தெரியாது. உடம்பின் நடுக்கோட்டை வைத்து நேர் கற்றுக்கொண்ட கேமரா, வண்டி எப்போதும் லேனுக்குக் கோணலாகப் போவதாகவே பார்க்கும். திருத்தித் திருத்தி, ஒரு கோட்டின் பக்கம் போய் ஒதுங்கிவிடும். 0.3 டிகிரி கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். 50 மீட்டரில் அது 26 செ.மீ.

அந்த வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை உத்தரம். அதில் டோ திருக ஒரு போல்ட்டும் கிடையாது, பீமே வளைந்திருந்தது. பீம் மாற்றி, அலைன்மென்ட் முடித்து, ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யம் செய்து, அதற்கப்புறம்தான் டார்கெட்டை நிறுத்தினோம். பெரியவர் ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்தார். நடுவில் போகுதுங்க என்றார்.

ஆகவே வரிசை இதுதான்: டயர் காற்று, டயர் சைஸ், நான்கு சக்கர அலைன்மென்ட், ஸ்டியரிங் ஆங்கிள் பூஜ்யம், பிறகு கேமரா. அலைன்மென்ட் கடைசியில் செய்தால் கேமரா கற்றுக்கொண்ட நேர் மறுபடி பொய்யாகிவிடும். ஸ்டியரிங் ஆங்கிளை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பாருங்கள்: சமமான, நேரான சாலையில் ஓடும்போது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். சாலையே ஓரத்துக்குச் சரிந்திருந்தால் வண்டி இயல்பாக இடது பக்கம் இறங்கும். அதனால் அப்படிச் சரிவில்லாத சாலையில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்றாலும் சக்கர வேகங்கள் ஒத்துப்போகாமல், வண்டி திரும்பிக்கொண்டிருப்பதாக மாட்யூல் நினைக்கும்.

அறிகுறி: டார்கெட் நிறுத்திச் செய்யும் ஸ்டேட்டிக் கேலிப்ரேஷன் பாதியில் நிற்கிறது

இதில் வண்டியைவிட, கேலிப்ரேஷனுக்கு வண்டியை நிறுத்தும் உங்கள் இடமான பே மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். தரை முதலில். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.6 மீட்டர் என்றால், 10 மி.மீ. உயர வித்தியாசம் வண்டியை 0.22 டிகிரி முன்னாலோ பின்னாலோ சாய்த்துவிடும். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்து, முன்வண்டியின் டயர் சாலையைத் தொடும் புள்ளியை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது என்று வையுங்கள். 50 மீட்டரில் இருக்கும் வண்டி, இந்த 0.22 டிகிரியால் ஒரு பக்கம் சாய்ந்தால் 44 மீட்டராகவும் மறுபக்கம் சாய்ந்தால் 58 மீட்டருக்கு மேலாகவும் தெரியும். பிரேக் அடிக்கும் முடிவு இந்தத் தூரத்தை வைத்துத்தான். கண்ணை நம்பாமல் கொத்தனார் பிடிக்கும் ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் டார்கெட் நிற்கும் இடத்தையும் பாருங்கள். எங்கள் பேயில் ஒரு மூலை தண்ணீர் வாட்டத்துக்காக இறக்கிப் போட்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்து, தளத்தைப் பெயர்த்துப் போட்டோம்.

வண்டியின் சாய்வும் கணக்கு. டிக்கியில் ஸ்டெப்னி தவிர எதுவும் இருக்கக்கூடாது. தேங்காய் மூட்டையோடு வந்த வண்டிக்கு மூட்டையை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்க வேண்டும், உள்ளே ஆள் உட்காரலாமா என்பதெல்லாம் கம்பெனி மேனுவல் சொல்கிறபடி.

நடுக்கோட்டுக்கு முன் லோகோவிலும் பின் லோகோவிலும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, சுண்ணாம்பு நூல் அடித்து, அந்தக் கோட்டிலிருந்து டார்கெட்டை நிறுத்துங்கள். லோகோ எல்லா வண்டியிலும் சரி நடுவில் இருக்காது. ஒருமுறை இரு பக்கமும் அளந்து உறுதி செய்தபின் நம்பலாம். லேசர் வைத்திருப்பவர்களும் அதை மாதம் ஒருமுறையாவது தூக்குக்குண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு ஷட்டரின் கிடைக்கோடுகள், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வேறொரு கம்பெனியின் டார்கெட், டியூப்லைட் மின்னும் எபாக்ஸி தரை, பாதி திறந்த வாசலிலிருந்து டார்கெட் மேல் விழும் வெயில்பட்டை எல்லாமே கேமராவைக் குழப்பும். பின்னால் ஒற்றை நிறத் துணித் திரை தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். வேலை நடக்கும்போது பேட்டரிக்குச் சப்போர்ட் சார்ஜர் கட்டாயம்.

அறிகுறி: ஓட்டிச் செய்யும் டைனமிக் கேலிப்ரேஷன் முடிவதே இல்லை

கேமராவுக்கு இரண்டு பக்கமும் தெளிவான கோடு, நேரான சாலை, மேனுவல் சொல்லும் வேகத்தில் நிற்காத ஓட்டம் வேண்டும். நகருக்குள் இது நடக்காது. கோவையிலிருந்து நான் அவிநாசி தாண்டி செங்கப்பள்ளிப் பக்கம் போவேன். காலையில் போகும்போது சூரியன் எதிரே இருப்பதால் சும்மா போய்விட்டு, திரும்பி வரும்போது ஸ்கேனரில் தொடங்குவேன். ஸ்கேனரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஓட்ட ஒரு ஆள். ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டாம். மழை ஈரம் காயாத சாலையில் கோடு மின்னி மறையும், அன்று விட்டுவிடுங்கள். நல்ல சாலையில் அரை மணி நேரம் ஓட்டியும் சதவீதம் நகரவில்லை என்றால் மேலே சொன்ன கண்ணாடிக்கும் அலைன்மென்டுக்கும் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: ஒன்றுமில்லாத இடத்தில் தானாகப் பிரேக் பிடிக்கிறது, அல்லது முன்னால் போகும் வண்டியை க்ரூஸ் கண்டுகொள்ளவில்லை

இது ரேடார் பக்கம். முன் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது; அதன் அலைநீளம் ஏறத்தாழ 3.9 மி.மீ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பம்பர் சங்கதி தானாகப் புரியும். பம்பர் உடைந்து, பின்னால் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து, முன்னால் பட்டி இழுத்து, பெயிண்ட் அடித்திருந்தால், 2 மி.மீ. பட்டியே அலைநீளத்தில் பாதி. அலை உள்ளேயே மோதித் திரும்பும், வளையும், பலவீனப்படும். மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள் இருப்பதால் இரண்டு மூன்று கோட் கூடினாலே வித்தியாசம் தெரியும். ரேடார் பார்க்கும் பகுதியில் பட்டி வேலையே கூடாது, பம்பரை மாற்ற வேண்டும் என்பதுதான் என் முடிவு. பல கம்பெனி மேனுவல்களும் அப்படித்தான் சொல்கின்றன. பெயிண்ட் தடிமனை அளக்க நாம் தகட்டில் வைக்கும் சாதாரண கேஜ் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. அல்ட்ராசோனிக் கேஜ் வேண்டும். அது இல்லையென்றால் பம்பரைக் கழற்றிவிட்டு ரேடாரின் லைவ் டேட்டாவைப் பாருங்கள். பம்பர் இல்லாதபோது முன்வண்டி தெளிவாகத் தெரிந்து, மாட்டியதும் மங்கினால் குற்றவாளி பம்பர்தான். பின் பம்பர் மூலைகளில் இருந்து, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைப் பார்க்கும் பிளைண்ட் ஸ்பாட் ரேடாருக்கும் இதே கதை.

லோகோவையும் பாருங்கள். ரேடாருக்கு முன்னால் வரும் லோகோ அலை கடந்துபோகும்படி செய்யப்பட்டது. அழகுக்காகக் கடையில் வாங்கி ஒட்டும் குரோம் லோகோ அப்படியல்ல. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பியை (புல் பார்) 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்தது. அது ரேடாருக்கு முன்னால் நிற்கும் சுவர் என்பது இன்னொரு காரணம்.

ரேடாரின் மேல்கீழ்க் கோணம் எந்தப் பக்கம் தப்பியிருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லும். மேம்பாலத்துக்கு அடியிலும், சாலைக்கு மேலே உள்ள பச்சைப் பலகையைக் கடக்கும்போதும் பிரேக் பிடித்தால் ரேடார் மேலே பார்க்கிறது. பாலத்தின் இரும்பு ஜாயின்ட்டிலும் சாக்கடை மூடியிலும் பிடித்தால் கீழே பார்க்கிறது. சின்ன முட்டலில் பம்பர் மீள எழுந்து பழையபடி அழகாக நிற்கும், பின்னால் ரேடார் பிராக்கெட் மட்டும் வளைந்திருக்கும். அதைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், புதிது போடுங்கள். பிறகு ரேடார் முகத்தில் மட்டம் வைத்து நேர்பார்த்து, ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் முக்கோண ரிஃப்ளெக்டரை மேனுவல் தூரத்தில் நிறுத்திக் கேலிப்ரேஷன் செய்யுங்கள். அந்த நேரம் வண்டிக்கு முன்னால் இரும்பு ட்ராலி, டூல் பெட்டி, ஏணி எதுவும் நிற்கக்கூடாது. ரேடாருக்கு அவையும் ரிஃப்ளெக்டர்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் சில பிரேக்குகள் வரும். ஓரத்திலிருந்து மூக்கை நீட்டும் ஆட்டோ, குறுக்கே வரும் மாடு, உரசிக்கொண்டு முந்தும் பைக் இவற்றுக்கு வண்டி பதறுவது இயல்பு. ஒரே இடத்தில், காலிச் சாலையில், திரும்பத் திரும்ப நடந்தால்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் சென்சார், ரிவர்ஸ் கேமரா, 360

சென்சார் ஓயாமல் கத்தினால் ரிவர்ஸில் போட்டு, எஞ்சினை அணைத்து இக்னிஷனை மட்டும் வைத்து, ஒவ்வொரு சென்சாரிலும் விரல் நுனியை வையுங்கள். வேலை செய்யும் சென்சார் டிக் டிக் என்று மெல்ல அதிரும். அமைதியான இடத்தில் காதிலும் கேட்கும். அதிராதது செத்தது. எல்லாம் அதிர்ந்தும் கத்தினால் சேறு, தடித்த பெயிண்ட், அல்லது பம்பரில் சாய்வாக உட்கார்ந்த சென்சார்.

ரிவர்ஸ் கேமரா படம் டிக்கியைத் திறந்து மூடும்போது வந்து வந்து போனால், கீலுக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கும். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் உறை வெடித்த ஒயர் தெரியும். இழுத்து முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஒரு மாதம் தாங்காது. நீளம் விட்டு சால்டர் செய்யுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வழிகாட்டிக் கோடு வளையவில்லை என்றால் கேமராவை விட்டுவிட்டு ஸ்டியரிங் ஆங்கிளைப் பாருங்கள்.

வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்டும் 360 படத்தில் இணைப்பில் தரைக்கோடு உடைந்து தெரிந்தால், அண்மையில் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி (மிரர்) மாற்றினார்களா என்று கேளுங்கள். கண்ணாடியின் அடியில்தான் பக்க கேமரா இருக்கிறது. வண்டியைச் சுற்றி டார்கெட் பாய் விரித்துச் செய்யும் கேலிப்ரேஷனில் பாயின் சுருக்கம் ஒன்று இருந்தாலும் கோடு உடையும்.

வண்டியை ஒப்படைக்கும் முன்

எல்லா மாட்யூலையும் மறுபடி ஸ்கேன் செய்து, முதலில் சேமித்ததோடு சேர்த்து வண்டிக்காரரிடம் கொடுங்கள். டயர் காற்று, அலைன்மென்ட் அளவு, எந்த வகைக் கேலிப்ரேஷன் என்பதை ஜாப் கார்டில் எழுதுங்கள். நெடுஞ்சாலையில் லேன் அசிஸ்ட்டையும் க்ரூஸையும் நீங்களே ஓட்டிப் பாருங்கள், கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும். தானாகப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க ஆளையோ, ஸ்கூட்டரையோ, அட்டைப் பெட்டியையோ முன்னால் நிறுத்தி யாரும் ஓட்டக்கூடாது. அட்டைப் பெட்டியை மோதுவதற்குரிய பொருளாக வண்டி எடுத்துக்கொள்ளாமலே போகலாம், அதைப் பார்த்து ஒரு நல்ல சென்சாரைக் கெட்டதென்று முடிவுகட்டுவீர்கள். ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதவேண்டியதில்லை. பிரேக் சரியாக இருக்கிறதா என்பதை லைவ் டேட்டாவில், முன்னால் போகும் வண்டியின் தூரம் சரியாகக் குறைந்து கூடுகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.